கும்பிடு போடாத மருமகள்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா. போனைக் கொஞ்சம் கவிழ்த்து வைத்துவிட்டு உட்காருங்கள். ஒரே ஒரு கும்பிடு போட மறுத்தவளின் கதை இது. சோறு ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

அந்த வீட்டுக் குடும்ப குரூப்புக்குப் பெரியப்பாதான் அட்மின். எந்தப் போன் வெடிக்கும், எந்தக் கட்சி நாட்டை விற்கும், எந்த விதையைத் தின்றால் சர்க்கரை கரையும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. விடிந்ததும் அனுப்பத் தொடங்கிவிடுவார்.

அவர் ஒன்றை அனுப்பினால் எல்லோரும் கைகூப்பும் பொம்மையைப் போட வேண்டும். அது வீட்டுச் சட்டம். படித்தீர்களா என்று கேட்கமாட்டார். யார் கும்பிடவில்லை என்று மட்டும் பார்ப்பார்.

முதல் கும்பிடு எப்போதும் பெரியம்மாவுடையது. கண்ணாடிகூடப் போடாமல் போட்டுவிடுவாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாட்டுக்குக் குடும்பமே கூடியிருந்தது. பெரியப்பா ஸ்டூல்மேல் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். இடது காலில் அவருக்கு ஆறு விரல். செருப்பைக்கூடச் சொல்லித்தான் தைக்க வேண்டும்.

போன மழைக்காலத்தில் நுரையீரல் கெட்டு, நினைவு தப்பி, அவர் மருத்துவமனையில் கிடந்தார். வீட்டார் யாரையும் உள்ளே விடவில்லை. பிழைத்து வந்ததற்கும் அந்த விரல்தான் காரணம் என்பார்.

"எமன் வந்து என் விரலை எண்ணிப் பாத்தான். கணக்கு இடிச்சுது. ஆள் மாறிப்போச்சுன்னு திரும்பிட்டான்!"

ஒவ்வொரு முறையும் எல்லோரும் சிரிக்க வேண்டும். அதுவும் சட்டம்.

அன்று காலை அவர் அனுப்பியது ஒரு வீடியோ. மருத்துவமனை நடைபாதை. தலை முதல் கால்வரை நீல உறை, முகமூடி. பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது. நாலைந்து நர்ஸுகள் ஆடுகிறார்கள். கீழே எழுத்து: 'நோயாளி சாகக் கிடக்கிறான், இவர்களுக்குக் கூத்து. வேலையை விட்டுத் துரத்தும்வரை பகிருங்கள்.'

"கேமரா என்னமா கிளியரா இருக்கு! எந்தப் போனோ?" என்றான் மூத்த மகன்.

"எல்லாம் இந்த ஆட்சி குடுத்த இடம்," என்றார் மாப்பிள்ளை.

"போன ஆட்சியில மட்டும் பூப்பறிச்சாங்களாக்கும்," என்றாள் மகள்.

வரிசையாகக் கும்பிடுகள் விழுந்தன.

பெரியப்பாவின் தம்பி மருமகள், சின்னவள், கும்பிடவில்லை. 'இது பொய். அழிச்சிடுங்க' என்று எழுதினாள். அவளும் நர்ஸ்தான், வீடியோவில் வரும் அதே மருத்துவமனையில்.

பெரியப்பா அவளைக் குரூப்பிலிருந்து நீக்கினார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே நீக்கினார்.

"ஒரு கும்பிடு போடும்மா. திரும்பச் சேத்துக்கறேன்."

"சேக்க வேணாம் மாமா. அழிங்க. நாளைக்கு விசாரணை வச்சிருக்காங்க. அந்தப் பொண்ணுங்களுக்கு வேலை போயிடும்."

"போனா உனக்கென்ன?"

"நடுவுல ஆடுறது நான்."

அவள் புருஷன் தண்ணீர்ச் சொம்பைத் தேடினான். அது அவன் கையிலேயே இருந்தது.

"சொல்ல வெக்கமா இல்ல?" என்றார் பெரியப்பா.

"இல்ல. நாளைக்கும் ஆடுவேன்."

"அப்படி யார் வீட்டுக் கல்யாணம்னு ஆடுனீங்க?"

அவள் குரல் உயரவில்லை. தலையும் தாழவில்லை.

"நோயாளி யாருன்னு சபையில சொல்றது எங்க வழக்கமில்ல மாமா. எவனோ பாதியில வெட்டி விட்டிருக்கான். முழுசும் என்கிட்ட இருக்கு."

பெரியப்பா கையை நீட்டினார். அவள் அவரிடம் தரவில்லை. நேரே பெரியம்மாவிடம் போனாள். மூக்குக் கண்ணாடியை எடுத்து, முந்தானையில் துடைத்து, அவள் முகத்தில் மாட்டிவிட்டாள். போனை மடியில் வைத்தாள்.

"நீங்க பாருங்க அத்தை. உங்களுக்குக் காட்டலாம்."

பெரியம்மா பார்த்தாள். அதே நடைபாதை, அதே ஆட்டம். காலையில் வந்த வீடியோ முடிந்த இடத்தில் இது முடியவில்லை. ஓரத்திலிருந்து ஒரு கட்டில் உருண்டு வந்தது. ஆடியவர்கள் இரண்டு பக்கமும் விலகிக் கைதட்டினார்கள். கட்டிலில் யாரோ உறங்கிக்கொண்டிருந்தார், முகம் தெரியவில்லை. செயற்கை சுவாசக் குழாயைக் கழற்றிய பிறகும் நெஞ்சு தானாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கால்மாட்டில் போர்வை விலகியிருந்தது.

பெரியம்மா படத்தை நிறுத்தினாள். இரண்டு விரலால் அதைப் பெரிதாக்கினாள். அவளுக்கு அது தெரியும் என்பதே அன்றுவரை யாருக்கும் தெரியாது.

பிறகு ஆள்காட்டி விரலைத் திரைமேல் வைத்து எண்ணினாள்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

ஐந்தில் அந்த விரல் நிற்கவில்லை.

பெரியம்மாதான் பேசினாள். அந்தக் கூடத்தில் அவள் குரல் அவ்வளவு உரக்கக் கேட்டது அதுவே முதல் தடவை.

"ஏங்க. காலையிலேருந்து எங்கெங்க அனுப்புனீங்களோ, அங்கெல்லாம் இந்த முழுசையும் அனுப்புங்க. கால் யாருதுன்னும் எழுதுங்க. நான் பக்கத்துல உக்காந்து பாக்கறேன்."

பெரியப்பா ஸ்டூலிலிருந்து மெல்லக் காலை இறக்கினார். அது செருப்பைத் தேடியது.

சரி, சோறு ஆறப்போகிறது. போய்ச் சாப்பிடுங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டில் ஒருவரும் படுக்க வேண்டாம். படுத்தாலும் எழுந்து வரட்டும். எழுந்து வரும் வழியில் ஆடுவதற்கு நாலு பேர் இருக்கட்டும். ஆடியவளை யாராவது கேட்டால், நாளைக்கும் ஆடுவேன் என்று சொல்ல உங்கள் வீட்டிலும் ஒருத்தி இருக்கட்டும்.