அக்கா ஒட்டிய பிரிட்ஜ்

கிட்டாரைப் பட்டறை மேசையில் கிடத்திவிட்டு அக்கா புருஷன் இளித்தான்.

"என்ன மச்சினிச்சி, இன்னும் மூஞ்சியைத் தூக்கியே வச்சிருக்க? நாளன்னிக்கு மேடை. உங்க கடைக் கை பட்டாத்தான் இது நிக்கும்."

வெட்கங்கெட்டவன். அக்காவை விட்டுவிட்டு ஒரு பாட்டுக்காரியோடு போனவனுக்கு, ரிப்பேருக்கு மட்டும் மாமனார் கடை வேண்டியிருக்கிறது. நாளன்றைக்கு மேடையில் பாடப்போவதும் அவள்தான்.

கம்பிகளை இழுத்துப் பிடிக்கும் பிரிட்ஜ், பின்பக்கம் பலகையை விட்டு எழும்பியிருந்தது. இடுக்கில் ஒரு விசிட்டிங் கார்டு தாராளமாக நுழையும்.

அவன் தெருமுனை தாண்டுவதற்குள் தங்கைக்காரி முடிவு செய்துவிட்டாள்.

முறையாகச் செய்தால், பிரிட்ஜைக் கழற்றி, பழைய பசையை மரம் தெரியும்வரை சுரண்டிவிட்டுத்தான் புதுப் பசை. சுரண்டாமல் ஒட்டினாலும் பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. கம்பி முறுக்கேறி, மேடை விளக்கின் சூடும் சேர்ந்தால், நடுப்பாட்டில் பிய்த்துக்கொண்டு பறக்கும்.

பறக்கட்டும். அந்தப் பாட்டுக்காரி வாயைத் திறந்தபடி நிற்கட்டும்.

அவனைவிட அக்காமேல்தான் அவளுக்கு ஆத்திரம் அதிகம். அவன் ஓடிப்போவதற்கு முந்தின நாள், இதே மேசையில் உட்கார்ந்து இதே பிரிட்ஜை ஒட்டிக்கொடுத்தவள் அக்கா. துடைத்துப் பளபளப்பாக்கி, பெட்டியில் வைத்து, வாசல்வரை தூக்கிக்கொண்டு போய் வேறு கொடுத்தாள். வாயில்லாப் பூச்சி, ஒன்றும் தெரியாமல் ஏமாந்துபோனாள் என்று அம்மா இன்றும் மூக்கைச் சிந்துகிறாள். அக்கா மட்டும் போனவன் போகட்டும் என்பதோடு சரி.

பிரிட்ஜைச் சூடாக்கி, மெல்லிய தகட்டுக் கத்தியை இடுக்கில் விட்டாள். வழக்கமாகக் கத்தி அங்குலம் அங்குலமாக மல்லுக்கட்டும்.

இன்று ஓரத்தைத் தாண்டியதும் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. பிரிட்ஜ் கையோடு வந்துவிட்டது.

புரட்டிப் பார்த்தாள். ஓரத்தைச் சுற்றி மட்டும் ஒரு கோடு பசை. நடுவில் சொட்டுகூட இல்லை. மரம் வழவழவென்றிருந்தது. நகத்தால் சுரண்டி மோந்தாள்.

மெழுகு.

அழுத்தி வைக்கும் கட்டைகளில் பசை ஒட்டிக்கொள்ளாமலிருக்க இந்தக் கடையில் தடவுவது. எங்கே பசை பிடிக்கவே கூடாதோ, அங்கே மட்டும். கைதவறி விழுந்ததல்ல இது. மேலும் கீழும், விரலால், ஆற அமரத் தேய்த்திருந்தது.

அவன் போவதற்கு முந்தின நாளே.

நிமிர்ந்தாள். அக்கா ஈரக்கையைத் துடைத்தபடி உள்வாசலில் நின்றிருந்தாள். பிரிட்ஜின் அடிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்த முகத்தில் வருத்தம். புருஷனுக்கான வருத்தம் அல்ல; செய்த வேலை சரியாக வராதபோது முகத்தில் வருவது.

"ஓரத்துல பசை கூடிப்போச்சுடி. இல்லேன்னா முதல் மேடையிலயே பிச்சுக்கிட்டிருக்கும். நகரு, நானே ஒட்டறேன்."