தலையாட்டி

சாக்குக்குள் தேயிலைத் தூள் மணத்தது. இருபது வருஷமாக டீக்கடையில் முகர்ந்த மணம்தான், இன்றைக்கு மயில்வாகனத்துக்கு மூச்சு முட்டியது. அவருடைய கடைச் சாக்கையே அவர் தலையில் கவிழ்த்து, கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டிருந்தார்கள்.

"அரசாங்கத்துக்கு எதிரா நோட்டீஸ் ஒட்டுற பொடியன்கள் உன் கடையிலதானே டீ குடிக்கிறாங்க? வரிசையில அவங்க முன்னால வந்தா தலையை ஆட்டு," என்று ராணுவ அதிகாரி சிங்களத்தில் சொன்னார். "சொந்தப் பகைக்கு ஆட்டினா, லொறியில ஏறுறது நீதான்."

லொறியில் ஏறியவர்கள் திரும்பி வந்ததாகக் கலஹா ஊரில் யாருக்கும் ஞாபகமில்லை.

காலையில் இழுத்து வரும்போதே மனைவி வீரம்மா காதோடு சொல்லியிருந்தாள். "அந்தப் பக்க வெறியும் நமக்கு வேணாங்க, இந்தப் பக்க வெறியும் வேணாம். யாரையும் காட்டிக் குடுக்காம வந்து சேருங்க."

"நடுவுல நின்னா மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடிதான் புள்ள," என்று முணுமுணுத்தாலும், அவள் சொன்னபடிதான் நின்றார். நோட்டீஸ் ஒட்டிய பையன்களே இரண்டு பேர் நடுங்கிக்கொண்டு கடந்து போனார்கள். பெற்றவள் வாசலில் காத்திருப்பாளே என்று கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டார்.

அடுத்து வந்தவனைக் கண்டதும் ரத்தம் கொதித்தது. விமலசிறி. எண்பத்து மூன்று கலவரத்தில் கடைக்குத் தீ வைத்தவன். உள்ளே படுத்திருந்த மயில்வாகனத்தின் தம்பியைக் கரிக்கட்டையாகத்தான் வெளியே எடுத்தார்கள். அன்றைக்கு ஊரை விட்டுப் போனவன், ஆறு வருஷம் கழித்து இப்போதுதான் கண்ணில் படுகிறான்.

வரிசையில் எல்லாரும் வெலவெலத்து நிற்க, இவன் மட்டும் கொட்டாவி விட்டான். என்ன திமிர். வீரம்மா சொன்னது காற்றோடு போயிற்று. மயில்வாகனம் தலையை ஆட்டினார்.

"நோட்டீஸ் ஒட்டினதைக் கண்ணால பார்த்தியா?" அதிகாரி கிட்ட வந்து கேட்டார்.

தம்பியை நினைத்துக்கொண்டு இன்னும் பலமாக ஆட்டினார். ஆறு வருஷமாக எரிந்த வயிறு அப்போதுதான் குளிர்ந்தது.

அதிகாரி சிரித்தார்.

"விமலசிறி, போய் யூனிபோர்மைப் போட்டுக்கிட்டு வா. இவனை லொறியில ஏத்தணும்."