மாட்ரிட்டுக்கு ஒரு குப்பி

குளிர் அறையிலிருந்து வெளியே வந்தபோது துணை இயக்குநர் டாக்டர் ரிகோபெர்த்தோவின் கோட்டுப் பை லேசாகப் புடைத்திருந்தது. ஒடாலிஸ் பார்த்துவிட்டாள். அவர் தன் அறைக்குப் போய், பனிக்கட்டி போட்ட தெர்மாஸுக்குள் ஒரு இன்டர்ஃபெரான் குப்பியை இறக்கியதையும் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தாள்.

மறுநாள் காலை அவருக்கு மாட்ரிட் விமானம்; அங்கே ஒரு மாநாட்டில் இந்த மருந்தைப் பற்றிப் பேசப் போகிறார்.

"இதுல சந்தேகம் வேறயா?" என்றாள் சொராய்தா. ஒடாலிஸோடு ஒரே மேசையில் வேலை பார்ப்பவள். ஹவானாவில் யார் வீட்டுக் குளியல் தொட்டியில் திருட்டுத்தனமாகப் பன்றி வளர்கிறது என்பதுவரை அவளுக்குத் தெரியும். "மனுஷன் குப்பிய அங்க வித்துட்டு அங்கயே தங்கிடப் போறாரு. அடுத்த மாசம் பாரு, பன்னித்தொடை தொங்குற கடை முன்னாடி நின்னு பல்லக் காட்டிக்கிட்டு போட்டோ அனுப்புவாரு."

ஒடாலிஸுக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? இன்டர்ஃபெரான் என்கிற அந்தப் புரதம் எங்கே மடிகிறது, எந்த இடத்தில் இரண்டு கந்தக முடிச்சு போட்டுக்கொள்கிறது, எந்தப் பக்கத்தால் செல்லின் கதவைத் தட்டுகிறது என்றெல்லாம் கண்டுபிடித்தவள் அவள். கட்டுரையில் முதல் பெயர் ரிகோபெர்த்தோ. ஆய்வுக்கூடத்தில் அவர் கை பட்ட ஒரே கருவி காபி வடிக்கும் பாத்திரம்! ஒரே ஒரு தடவையாவது மேடையேறி, தன் புரதத்தைப் பற்றித் தன் வாயால் உலகத்துக்குச் சொல்ல வேண்டும் என்று அவள் எவ்வளவு ஏங்கியிருப்பாள். அந்தப் பேச்சைப் பறித்துக்கொண்டது போதாதென்று இப்போது புரதத்தையும் தூக்கிக்கொண்டு கிளம்புகிறார் மகராசன்.

ஒரு வாரமாகவே அவர் சரியில்லை. கை நடுங்குகிறது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வியர்க்கிறது. நேற்றுகூட மேசையருகே வந்து, "இது வைரஸக் கொல்லும், இல்லையா?" என்று கேட்டார். எத்தனையாவது தடவையோ!

"கொல்லாது டாக்டர். கிருமி புகுந்த செல்லு, பக்கத்து வீட்டுக்கு அனுப்புற ஆளு இது. போயி கதவத் தட்டி, 'திருடன் வந்துட்டான், தாழ்ப்பாளப் போடு'ன்னு சொல்லும். நம்ம தெருக் காவல் குழுத் தலைவி மாதிரி. சேதி சொல்றதோட சரி."

"ஊசி போட்டா காய்ச்சல் வருதாமே?"

"ஊரே அலறுனா உடம்பு சூடாகாதா? சாயங்காலம் போட்டா ராத்திரி பல்லு தந்தியடிக்கும்."

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு போனார். வாங்குகிறவன் கேட்டால் சொல்ல வேண்டுமே என்று பாடம் படித்திருக்கிறார் என்பது இப்போதுதான் ஒடாலிஸுக்கு உறைத்தது.

புகார் கொடுக்கலாம். ஆனால் துணை இயக்குநர்மேல் புகார் கொடுத்தால் விசாரணை புகார் கொடுத்தவளிடமிருந்துதான் ஆரம்பமாகும். அவளுக்கு அதைவிட நல்ல வழி ஒன்று தெரிந்திருந்தது. ரிகோபெர்த்தோ மாடிக்குப் போன சமயம் பார்த்து, குப்பியை எடுத்துவந்து கொதிக்கிற தண்ணீரில் நிறுத்தினாள்.

"என்னடி பண்ற?" என்றாள் சொராய்தா.

"அவிக்கிறேன். மடிப்பு கலைஞ்சு போச்சுன்னா இதுக்குக் கதவத் தட்டத் தெரியாது. பாக்குறதுக்கு அப்பிடியேதான் இருக்கும். அவிச்ச முட்டைய அடைகாக்கட்டும் ஸ்பெயின்காரன்."

சொராய்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒடாலிஸ் குப்பியை நன்றாக ஆறவிட்டு, துடைத்து, தெர்மாஸில் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தாள். அன்று வீட்டுக்குப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனதுகூட அவளுக்குச் சுகமாக இருந்தது.

காலையில் விமான நிலையத்துக்குப் போகும் கார் வாசலில் வந்து நின்றது. ரிகோபெர்த்தோ அதில் ஏறாமல் நேராக ஆய்வுக்கூடத்துக்குள் வந்தார். கையில் தெர்மாமீட்டர். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"என்ன மருந்தும்மா செய்யிறீங்க நீங்க? நேத்து சாயங்காலமே ஒரு குப்பிய முழுசா எடுத்துத் தொடையில ஏத்திக்கிட்டேன். சூடும் இல்ல, நடுக்கமும் இல்ல. குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன்!"

ஒடாலிஸுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நீங்களே ஏத்திக்கிட்டீங்களா? எதுக்கு டாக்டர்?"

"எதுக்கா? காய்ச்சல்னு படுத்துக்கத்தான். மேடையில எவனாவது எந்திரிச்சு, அந்த முடிச்சு எங்க இருக்குன்னு கேட்டா, என் டையையா அவுத்துக் காட்டுவேன்?"

வெளியே கார் ஹாரன் அடித்தது. அவர் தூக்குமேடைக்குப் போகிறவரைப் போலத் திரும்பி நடந்தார். கதவருகே போனதும் தாங்க முடியாமல் வாய்விட்டுப் புலம்பினார்.

"எனக்கு முடியலன்னா ஒடாலிஸ் போயிப் பேசட்டும்னு டைரக்டர்கிட்ட கெஞ்சிக் கூத்தாடி, உனக்குக்கூடச் சொல்லாம உன் பேர்ல விசாவே வாங்கி வச்சிருந்தேனே, எல்லாம் வீணாப் போச்சே!"