செட்டிச்சியம்மா கழுத்து முத்து

சனத்நகர் குவார்ட்டர்ஸ் வீட்டில் கொலு விளக்கு எரிகிறது. லோசனா தானே கோத்த முத்துமாலைகளை, விற்பதற்காக, பொம்மைகளின் கழுத்தில் இரண்டு சுற்றாகப் போட்டு வைத்திருக்கிறாள். சுண்டலும் கையுமாகப் பெண்கள் எட்டி எட்டிப் பார்க்கிறார்கள். “மீனாட்சி போட்டுண்டிருக்கறது விலைக்காடி?” என்கிறாள் எதிர்வீட்டு அபயம் மாமி. “ஆமாம் மாமி, கழட்டித் தரட்டுமா?” “ஐயோ, நக்கோ, வேண்டாம்! அம்பாள் கழுத்துலேர்ந்து உருவறதாவது!” லோசனாவின் நீட்டிய கை அப்படியே நிற்கிறது. இது அவளுக்குத் தோன்றவே இல்லை. இன்று ஒன்றாவது போகாவிட்டால் இந்த வேலையே வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்காரர் ஷிப்டுக்குப் போயிருக்கிறார். முத்துகள் மினுங்குகின்றன. மாமி மெல்லக் குனிகிறாள். கீழ்ப்படியில் மளிகைக்கடைச் செட்டியார் பொம்மை, பக்கத்தில் அவர் பெண்டாட்டி. “இவ தெய்வமில்லையே?” என்றபடி மாமி அந்த மாலையைக் கழற்றித் தன் கழுத்தில் வைத்துக்கொள்கிறாள். “கண்ணாடி எங்கேடி?”