திருத்தம்

போரில் எதிரியின் சங்கேதச் செய்திகளை உடைத்துப் படித்தவர் அருமைநாயகம். பிறகு நாட்டின் முதல் கணினியை வடிவமைத்தார். பொன்னையா என்ற ஆணை நேசித்தது குற்றம் என்று அவரைச் சிறையில் அடைத்தார்கள், அங்கேயே இறந்துபோனார். நாற்பது ஆண்டுகள் கழித்து, எண்பது வயதுப் பொன்னையாவின் வீட்டுக்கு ஓர் அதிகாரி கடிதத்தோடு வந்தார்.

"அரசாங்கம் அவரை மன்னிச்சிருச்சு ஐயா. வாங்கிக்கிட்டதா ஒரு கையெழுத்துப் போடுங்க. ஆமா, நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"அதுக்காகத்தானே அவரை ஜெயில்ல போட்டீங்க?"

பொன்னையா பேனாவை வாங்கினார். கடிதத்தில் 'அரசு மன்னிக்கிறது' என்றிருந்ததை அடித்துவிட்டு, 'அரசு மன்னிப்புக் கேட்கிறது' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

"இதுல மந்திரிகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாங்க தம்பி. அதுவரைக்கும் நான் சாகமாட்டேன்."