பாலத்துக்கு அந்தப் பக்கம்

கப்பல் திரும்பவில்லை.

இடது கைப்பக்கம், வெள்ளைச் சிப்பிகளைச் சாய்த்து அடுக்கினாற்போல் ஓபரா ஹவுஸ். அதைத் தாண்டியதும் துறை. அங்கேதான் திரும்ப வேண்டும். மேல்தளத்துக் கம்பியைப் பிடித்தபடி அவர் காத்திருந்தார்.

சிட்னி பாலம் நேரே வந்துகொண்டிருந்தது.

"ஏனுங்க சார், ஓபரா ஹவுஸ் பக்கத்துலதான எறங்கறம்னு சொன்னீங்க?"

கோயம்புத்தூர்க்காரர். கழுத்தில் தொப்பி தொங்க, பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

கம்பியைப் பிடித்திருந்தவர் பாலத்தையே பார்த்தார்.

சிங்கப்பூரில் ஏறிய நாளிலிருந்து எல்லோருக்கும் பதில் சொன்னவர் அவர்தான்.

பிரிஸ்பேனில் துறை ஊரைவிட்டு வெகு தூரம். பஸ்ஸுக்கு முன்கூட்டியே பெயர் கொடுத்துவிடுங்கள். மெல்பர்னில் ஊர் நடுவே டிராம் இலவசம், துறையிலிருந்து ஏறினால் இலவசமில்லை. பயண அட்டையை முதலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், டிராமுக்குள் விற்கமாட்டார்கள். கப்பல் பழம் கரைக்குப் போகக் கூடாது. ஏன் தெரியுமா? அதற்குள் ஒரு புழு இருந்தால் போதும், ஒரு தோட்டமே போய்விடும்.

கோயம்புத்தூர்க்காரரின் மனைவி கைப்பையில் வைத்திருந்த வாழைப்பழத்தைச் சொன்னவரே எடுத்து மேசையில் வைத்தார்.

நேற்றுச் சாப்பாட்டு மேசையில் சிட்னி.

கவிழ்த்த இரண்டு தம்ளர்கள். மேலே குறுக்காக ஒரு கத்தி. அது பாலம். மிளகுக் குப்பி பெரிய கப்பல்; அதன் தலை கத்தியில் இடிக்கும், அதனால் பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்றாக வேண்டும். உப்புக் குப்பி சின்னக் கப்பல். அடியில் நுழைந்து அந்தப் பக்கத்துத் துறைக்குப் போய்விடலாம். போனால் பெரியதற்கு இங்கே இடம் கிடைக்கும்.

"எவ்வளவு அழகான ஏற்பாடு பாருங்க."

எல்லாம் சரியாகத்தான் சொன்னார்.

தாம் ஏறி வந்தது உப்புக் குப்பி என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. அடுக்கடுக்காக இத்தனை மாடி, நடுவே நீச்சல் குளம். இது எப்படிச் சின்னக் கப்பலாகும்?

சிட்னியில் இருக்கும் மகள் செல்வி செய்தி அனுப்பியிருந்தாள். உங்க கப்பல் பாலத்துக்கு அந்தப் பக்கம் போகும்ப்பா என்று.

அவர் ஒரு வரைபடம் அனுப்பினார். ஓபரா ஹவுஸுக்கு எதிர்க்கரையில் சிவப்பு வட்டம் போட்டு. கூடவே நீளமாக ஒரு விளக்கமும்.

'சரிப்பா' என்று மட்டும் பதில் வந்தது.

அது போதும் என்றிருந்தது அவருக்கு. நான்கு வருடங்களில் மகளிடமிருந்து அவருக்கு வந்த சொற்களே இந்த இரண்டு செய்திகள்தான். புருஷனைவிட்டு வந்துவிட்டேன் என்று அவள் போன் செய்த அன்று, அது ஏன் தவறு என்று விளக்க ஆரம்பித்தார். பாதியில் வைத்துவிட்டாள்.

கப்பலுக்கு இங்கே ஒரு பகல்தான். சாயங்காலம் கிளம்பிவிடும்.

"அந்தா நிக்கா!"

சண்முகத்தாய் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். மனைவி விரல் நீட்டிய பக்கம் பார்த்தார்.

தூறலில் ஒரு மஞ்சள் குடை. துறையின் விளிம்பில். வட்டம் போட்ட அதே இடத்தில்.

குடை அசையவில்லை. கப்பல் நகர நகர மெல்லத் திரும்பியது.

கப்பல் இங்கே நிற்காது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வந்து நிற்கிறாள்.

தன் பேச்சைக் கேட்டிருக்க வேண்டிய நாளிலெல்லாம் கேட்காதவள், இன்றைக்குப் பார்த்து எதற்குக் கேட்டாள்?

பாலத்தின் அடிப்பாகம் தலைக்கு மேல் ஊர்ந்து வந்தது. புகைபோக்கி இடித்துவிடும் போலிருந்தது. இடிக்கவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள்.

அவர் கம்பியை ஓங்கி அறைந்தார். கைதான் வலித்தது.

"அவ அன்னைக்கே சொன்னால்லா" என்றாள் சண்முகத்தாய்.

பாலம் தாண்டிய துறையில் இறங்கும் வரிசை நகரவில்லை. முன்னால் யாரோ ஒரு ஆப்பிளை வைத்துக்கொண்டு வாதாடிக்கொண்டிருந்தார். அவருக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. எத்தனை தடவை சொன்னேன்!

இந்தத் துறையில் ரயில் இல்லை. பஸ்ஸுக்கு மேடேறி நடக்க வேண்டும். சண்முகத்தாயின் முழங்காலுக்கு ஆகாது. டாக்சிதான். படித்திருந்தார். எல்லாவற்றையும் படித்திருந்தார்.

டாக்சி வரிசை வளைந்து வளைந்து கிடந்தது. அதன் வாலில் போய் நின்றார். தூறல் வலுத்தது.

சண்முகத்தாயின் போன் அடித்தது. பேசாமல் அவரிடம் நீட்டினாள்.

"நீங்க சொன்ன எடத்துலதான் நிக்கேன்."

நான்கு வருடத்துக்குப் பிறகு அந்தக் குரல். கோபமா, கிண்டலா, கண்டுபிடிக்க முடியவில்லை.

சொல்ல வேண்டியது அவர் வாய் நிறைய இருந்தது. பாலத்தின் உயரம். கப்பலின் உயரம். வலைத்தளத்தில் தெளிவாகப் போட்டிருக்கக் கூடாதா என்பது. நீயாவது இன்னொரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா என்பது.

அந்தப் பக்கம் குடைமேல் மழை விழும் சத்தம். அவள் போனை வைக்கவில்லை. காத்திருந்தாள்.

வரிசை ஓரடி நகர்ந்தது. அவரும் நகர்ந்தார்.

"அங்க எப்படி வரணும்மா?" என்றார்.



"வெளிய வந்திட்டீங்களா?"

"ம்."

"சரி. கவனமாக் கேளுங்க." அவள் குரல் கொஞ்சம் நிமிர்ந்தது. "பஸ்ஸுக்குப் போவாதீங்க, மேடு. ஏன்னு கேட்டா, அம்மாவுக்கு முட்டி தாங்காது. அங்கனயே ஒரு டாக்சி வரிசை இருக்கும்."

முன்னால் நின்ற கோயம்புத்தூர்க்காரர் திரும்பிப் பார்த்தார்.

அவரைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். போனைக் காதோடு அழுத்தினார்.

"எந்தப் பக்கம்மா?"