ஐந்து மணிக்குள் ஒரு படிவம்

சியேனியின் கல்லூரிக் கோப்பில் நான்கு வருடத்து ரசீதுகள்கூடத் தேதிவாரியாக இருந்தன. கடல் தாண்டி வெலிங்டனில் நர்சிங் மேற்படிப்புக்கு உதவித்தொகை தருவதாக வந்த கடிதத்தோடு இருந்த பதில் படிவம் மட்டும் இல்லை.

அதை இன்று ஐந்து மணிக்குள் தலைநகர் ஆபியாவிலுள்ள அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும். தவறினால் அந்த இடமே ரத்து.

"பஸ்ல விட்டிருப்படி," என்றாள் அம்மா மாசினா.

"நானா? என்னிக்கும்மா நான் ஒரு காகிதத்தைத் தொலைச்சிருக்கேன்?" அழுதுகொண்டே பாய்களைப் புரட்டினாள் சியேனி.

"போனா போகட்டும் விடு. இங்கேயே ஆஸ்பத்திரில வேலைக்குக் கூப்பிடறாங்களே. அம்மா பக்கத்துலயே இருக்கலாம்."

"அந்த வேலைக்குப் போன வாரமே சரின்னு சொல்லிட்டேம்மா. அப்பாவும் போயாச்சு, உன்னைத் தனியா விட்டுட்டு நான் எங்க போவேன்?"

"அப்புறம் எதுக்குடி இந்தத் தேடல்?"

"நான் வரலைன்னு அதுல எழுதிக் கொடுத்தாத்தான் இடம் அடுத்த ஆளுக்குப் போகும். அடுத்த ஆள் என்கூடப் படிச்ச நம்ம லாகிதாம்மா! வாயால சொன்னா ஏத்துக்க மாட்டாங்களாம். பாவம், ஆபீஸ் வாசல்லயே நிக்கிறா."

ஞாயிற்றுக்கிழமை, மகள் சர்ச்சுக்குக் கிளம்பியதும், கிழங்கு சுட்ட நெருப்பில் அந்தப் படிவத்தைப் போட்டவள் மாசினாதான்.

"இரு, நானும் பார்க்கறேன்," என்று மகளுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, அவளும் தேடத் தொடங்கினாள்.